கேப்டன் வீட்டுக் கோட்டு

"மாலையை இன்னும் கொஞ்சம் மேல ஏத்துடா பெனிட்டோ. தோள் தெரியுது பாரு!"

"தோள் தெரிஞ்சாத்தானேம்மா கேப்டன்னு தெரியும்? ஸ்டாரே அங்கதான் கீது!"

"அதான் சொல்றேன், மூடு!"

அம்மா பிலோமி ஏன் மூடச் சொல்கிறாள் என்று மகனுக்குப் புரியவில்லை. இன்னொரு மாலையையும் போட்டு மூடினான். இப்போது சுவரில் மாட்டிய போட்டோவின் சட்டத்துக்குள் மீசை மட்டும்தான் மிச்சம்.

ராயபுரத்தில் அந்தத் தெருவுக்குள் வந்து பிலோமி வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். 'கேப்டன் வூடு' என்றால் கூரியர்காரர்கூட கை காட்டுவார். கேப்டன் என்பது பிலோமியின் கணவருடைய தாத்தா சிலுவைமுத்து. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் எடுத்த படம் அது. அதைக் காட்டியே மூன்று தலைமுறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது. பிலோமி மட்டும் சளைத்தவளா? கோயிலில் முதல் பெஞ்சில் யாராவது உட்கார்ந்துவிட்டால், "இது கேப்டன் குடும்பத்து இடம்" என்று எழுப்பியே விடுவாள்.

உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும். மாமியார் சாகும்போது நகை நட்டு எதுவும் கொடுக்கவில்லை, இதைத்தான் காதில் போட்டுவிட்டுப் போனாள். தாத்தா ஹார்பரில் கரி மூட்டை சுமந்தவர். ஒரு பண்டிகை நாளில் போட்டோ ஸ்டூடியோவில் வாடகைக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

இன்றைக்கு வீடு பார்க்க வருவது திருவொற்றியூர் மேஜர் குடும்பம். பெனிட்டோ ஆசைப்பட்ட ஜானட்டின் அம்மா டெபோரா முதலிலேயே சொல்லிவிட்டாள். "எங்க தாத்தா மேஜரு. கேப்டன் வூடுன்றதாலதான் வர்றோம். இல்லாங்காட்டி வாசப்படிகூட மிதிக்க மாட்டோம்."

அதையாவது சமாளிக்கலாம். கூட வருவது டெபோராவின் அண்ணன் ஸ்டானிஸ்லாஸ். நிஜமாகவே பட்டாளத்தில் இருந்து, ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர்.

வந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார்.

"இவருதான் கேப்டனா?"

"ஆமாண்ணே. அச்சு முறுக்கு எடுத்துக்கோங்க."

"மாலையைக் கொஞ்சம் தள்ளலாமா?"

"பூ உதிர்ந்துடும்ணே..."

பிலோமி சொல்லி முடிப்பதற்குள் பெனிட்டோ பாய்ந்து போய் இரண்டு மாலையையும் கழற்றிவிட்டான். வருங்கால மாமன் கேட்டு இல்லையென்று சொல்வானா?

ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"வலது தோள்ல மூணு ஸ்டாரு. கேப்டன், சரி. இடது தோள்ல ரெண்டுதான் கீது. அப்போ லெப்டினன்ட். கையில மூணு பட்டை. அது ஹவில்தாருக்குப் போடறது, நான் போட்டது."

டெபோராவின் காபி வாய்க்குப் போகாமல் நின்றது. "இன்னாண்ணே சொல்ற? ஒரே ஆளுக்கு மூணு பதவியா?"

"அதுவும் வெள்ளைக்காரன் காலத்துல. நம்மாளுங்க ஜமேதார், சுபேதார் ஆவுறதே பெரிய விஷயம். கேப்டன் ஆனவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்."

பிலோமி மனசுக்குள் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். பெனிட்டோ அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. முதல் பெஞ்சு போனால் போகட்டும், இவன் கல்யாணம் நின்றுவிடக் கூடாது. கையில் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"அண்ணே, அது வந்து..."

இன்னும் கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாஸ் சடாரென்று குதிகாலைச் சேர்த்து, படத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"அசல் கேப்டன்!"

"இப்போதானே மூணு பதவின்னே?" என்றாள் டெபோரா.

"உனக்கு இன்னா தெரியும்? ரெண்டு சண்டைக்கும் நடுவுல பட்டாளத்துல ஸ்டாருக்கே பஞ்சம். ஒண்ணு விழுந்தா வேற தர மாட்டான். சிப்பாயா சேர்ந்து மேல வந்தவங்க பழைய பட்டையைப் பிரிக்க மாட்டாங்க. அதான் கெத்து!"

பிலோமிக்குப் பட்டாளம் தெரியாது. ஆனால் பொய் தெரியும், இத்தனை வருஷம் அதோடுதானே குடித்தனம்.

டெபோராவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ ஃபாதரைப் பார்த்து கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாம்" என்றவள், செல்போனை எடுத்துக் கேப்டனோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டாள். பெனிட்டோ எல்லோருக்கும் இரண்டாவது தடவை அச்சு முறுக்கு நீட்டினான்.

கை கழுவ ஸ்டானிஸ்லாஸ் பின்கட்டுக்கு வந்தபோது, பிலோமி துண்டை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும்ணே. ஏன் காட்டிக் குடுக்கல?"

"மூணு பட்டை வாங்குறதுக்குள்ள எனக்குப் பாதி ஆயுசு போச்சும்மா. உங்க தாத்தா ஒரே மத்தியானத்துல பட்டை, ஸ்டார் எல்லாம் வாங்கினு வந்துட்டாரு. கடுப்பு வரலைன்னு சொல்ல மாட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோட்டுல மூணாவது பட்டன் இல்ல, ஊக்கு குத்திக் கீது. பார்த்தியா?"

"பார்த்திருக்கேண்ணே."

ஸ்டானிஸ்லாஸ் ஹாலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எங்க வூட்டு போட்டோலயும் அதே கோட்டு, அதே ஊக்கு. டெபோரா கண்ணுல படாம நான்தான் மாலை போட்டு மூடிகினு கீறேன். நீங்களாவது கேப்டனோட நிறுத்திக்கினீங்க... நாங்க மேஜர் வரைக்கும் போய்ட்டோம்!"