நிற்காத வண்டியின் பலகை

பெருநகரத்தின் சுரங்கப் பாதையில் ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் ஓடின. முன்னால் போன சாதா வண்டி வழியிலுள்ள ஆறு நிலையங்களிலும் நின்றது. பின்னால் வந்த விரைவு வண்டி எந்த நிலையத்திலும் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. அதனால் அது நிலையங்களை விட்டுவிட்டு, சாதா வண்டியின் முதுகைப் பார்த்தபடி நடுச் சுரங்கத்தில் நின்றது.

அந்த வாரம் இரண்டு முறை தாமதம். மூன்றாம் முறையும் தாமதமானால், நெற்றியில் மாட்டிய 'விரைவு' பலகையைக் கழற்றிவிடுவார்கள்.

"தம்பி, ஒரு ஸ்டேஷனையாவது விட்டுட்டுப் போயேன்" என்று அது கெஞ்சியது.

"அங்கே காத்துக்கிட்டிருக்கிற ஜனங்களை நீங்க ஏத்திக்குவீங்களா, அண்ணே?"

"நானா? நான் எங்கேயும் நிக்கிற வழக்கமே இல்லையே" என்றது விரைவு வண்டி, நின்றபடியே.

அன்றும் நான்கு நிமிடம் தாமதம். பலகையைக் கழற்றுமுன் கட்டுப்பாட்டு அறையில் அதிகாரிகள் கூடி யோசித்தார்கள். மறுநாள் முதல் சாதா வண்டியும் எங்கும் நிற்க வேண்டாம் என்று முடிவாயிற்று.

இப்போது இரண்டு வண்டிகளும் நொடி பிசகாமல் போய்ச் சேர்கின்றன. ஆறு நிலையங்களிலும் ஜனங்கள் கை காட்டிக்கொண்டே நிற்கிறார்கள். விரைவு வண்டியின் பலகை தப்பித்தது. ஆனாலும் அதற்கு மனம் ஆறவில்லை. முன்னால் போகிற தம்பியின் முதுகில் அதே 'விரைவு' பலகை ஒன்றைப் புத்தம்புதிதாக மாட்டியிருக்கிறார்கள்.