ஒன்றும் ஒன்பதும்

“அழாதீங்க. முதல்ல இடத்தைச் சொல்லுங்க. கதையெல்லாம் அப்புறம்.”

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நீலா மராத்தியில் கேட்டாள். கையில் பென்சில் தயாராக இருந்தது. மறுமுனையில் ஒரு பெண் அழுகையும் பேச்சுமாகக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“பக்கத்துல என்ன கடை இருக்கு? மாவு மில்லா? சரி, மில்லுக்கு இடது பக்கமா, வலது பக்கமா? யாருக்காவது அடிபட்டிருக்கா? நல்லவேளை. திருடன் இன்னும் உள்ளதான் இருக்கானா? அப்ப கதவை வெளியில தாழ் போட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. ஆள் வந்துகிட்டே இருக்காங்க.”

நோட்டில் காலை 10.40 என்று எழுதிவிட்டு, அந்தப் பகுதியின் சின்னக் காவல் நிலையமான போலீஸ் சௌக்கிக்கு டயல் செய்தாள். “நீலா பேசறேன். மாவு மில், இடது பக்கம் மூணாவது வீடு. திருடன் ஒருத்தன், உள்ள வச்சுத் தாழ் போட்டிருக்கு. யாருக்கும் காயமில்லை.”

“டீக் ஆஹே, தாயி” என்றது சௌக்கிக் குரல். மராத்தியில் டீக் ஆஹே என்றால் சரி, தாயி என்றால் அக்கா.

அப்போதுதான் குக்கர் ஐந்தாவது விசில் அடித்தது. நீலா அடுப்பை அணைக்க ஓடினாள். பருப்பு குழைந்தே போயிருந்தது.

நீலாவுக்குப் போலீஸில் வேலை கிடையாது. இருபது வயதில் கண்ட்ரோல் ரூம் வேலைக்கு மனுப் போட்டாள்தான். உயரம் ஓர் அங்குலம் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனில் பேச உயரம் எதற்கு என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த வேலை தானாக வந்தது. ஏழு வருஷம் காத்திருந்து, 1995இல் பிம்ப்ரி வீட்டுக்குப் போன் வந்தது. அதன் கடைசி எண் ஒன்று. சௌக்கியின் கடைசி எண் ஒன்பது. மற்றதெல்லாம் அச்சாக ஒன்றே. கடைத்தெருவில் வைத்திருக்கும் சௌக்கி போர்டில் நம்பர் மராத்தி எண்களில் இருக்கும். அதில் ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். திருட்டுக் கொடுத்துவிட்டு ஓடிவருகிறவன் சுழியையா பார்ப்பான்?

முதலில் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் வந்தன. போன கணபதி பண்டிகையிலிருந்து தினமும் ஏழெட்டு. ஷிஃப்ட் முடிந்து வரும் அவள் கணவன் வெங்கடேஸ்வரனுக்குத் தூக்கம் போயிற்று. ஊரிலிருந்து அவன் அம்மா எப்போது கூப்பிட்டாலும் எங்கேஜ்ட்.

“மராத்தி வாத்தியார் குல்கர்ணி சைக்கிள் காணோம்னு உன்கிட்ட கம்ப்ளெயின்ட் குடுக்கறாரு. வாத்தியாருக்கே மராத்தி நம்பர் படிக்கத் தெரியலைன்னா பசங்க எங்க உருப்படறது?” என்று ஒரு நாள் கத்தினான். “போலீஸ் மாதிரி பேசினா உன்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க, தெரியுமா?”

“நான் போலீஸ்னு யார்கிட்டயும் சொன்னதில்லையே. இடம் எதுன்னுதானே கேக்கறேன்?”

இந்த நியாயம் எடுபடவில்லை. டெலிபோன் ஆபீஸில் அலைந்து மனுக் கொடுத்துவிட்டான். நாளை முதல் புது நம்பர்.

மதியம் சௌக்கிக்குப் பேசினாள் நீலா. திருடன் பிடிபட்டுவிட்டான். “சந்தோஷம். நாளையிலேருந்து இந்த நம்பர் மாறுது. இனிமே நான் கூப்பிட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவளுக்கு வாய்த்த உத்தியோகம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் வாசலில் ஒரு ஹவல்தார் வந்து நின்றார். முகத்தில் துளி சிரிப்பில்லை.

“இங்க நீலாங்கறது யாரு?” கதவிலிருந்த வெங்கடேஸ்வரன் பெயரைப் பார்த்துவிட்டு நல்ல தமிழில் கேட்டார்.

நீலா ஓரடி பின்வாங்கினாள். வெங்கடேஸ்வரன் சட்டென்று அவளை மறைத்துக்கொண்டு நின்றான். “சார், அவ மேல ஒரு தப்பும் இல்லை. கேஸ் போடணும்னா என் மேல போடுங்க. போன் என் பேர்லதான் இருக்கு.”

இவனா கத்தினவன் என்று நீலா அந்தப் பயத்திலும் ஆச்சரியப்பட்டாள்.

“கேஸா? அய்யய்யோ! என் பேரு ஸ்டீபன், இங்க பக்கத்துல கிர்கி குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளர்ந்தவன். போன்ல ‘டீக் ஆஹே, தாயி’ன்னு சொல்றது நான்தான்.”

“நீங்க தமிழா!” என்றாள் நீலா. இத்தனை நாளும் இருவரும் மராத்தியில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

“அக்கா, தயவு செஞ்சு அந்த நம்பரை மாத்தாதீங்க. எனக்கு இந்தப் போன் வேலையே வராது. அவங்க அழுவாங்க, நான் கத்துவேன், அவங்க டக்குனு வச்சிருவாங்க. அட்ரஸ் கேக்க மறந்துட்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வந்திருக்கேன். இப்ப நீங்க ரெண்டு வரியில சொல்றீங்க, நான் நேரா போய்ப் பிடிக்கறேன். கான்ஸ்டபிளா இருந்தவன் ஹவல்தார் ஆயிட்டேன்!”

கேஸ் இல்லை என்றதும் வெங்கடேஸ்வரனுக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது. “அதெல்லாம் சரி சார். ஊர்ல இருக்கிறவனெல்லாம் போர்டுல ஒன்பதை ஒண்ணுன்னு தப்பாப் படிச்சா, அதுக்கு நாங்களா பொறுப்பு?”

ஸ்டீபன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“யாரும் தப்பாப் படிக்கலை சார். கணபதிக்குப் போர்டுக்குப் புது பெயின்ட் அடிச்சப்ப, ஒன்பதோட சுழியை அழிச்சதே நான்தான்!”