கங்கா வாய் வைத்த புல்

"கயித்த விட மாட்டேன்! கார்ப்பரேஷன் வண்டி வரட்டும், உன் மாடு பட்டிக்குப் போகட்டும்!"

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு வாசலில் ஒரு கையில் மாட்டுக் கயிறும் மறு கையில் களைக்கொத்துமாக ஓஸ்வால்ட் குதித்துக்கொண்டிருந்தார். கோபம் வராதா பின்னே? அவர் மெல்போர்னில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நர்சரிக்காரர் பதித்துவைத்த கொரியன் புல்வெளி. திரும்பி வந்து மூன்று மாதம் முதுகு ஒடியக் களை பிடுங்கி வளர்த்திருந்தார். ஒரே காலையில் மொட்டை!

பக்கத்து ஜீவனஹள்ளியிலிருந்து ஓடிவந்த மாட்டுக்காரி யசோதாவுக்கு மூச்சு வாங்கியது. "சார், இந்த மாட்டுப் பால்லதான் எங்க வூட்டு அடுப்பு எரியுது. பட்டிக்குப் போச்சின்னா நாங்க இன்னா பண்றது?"

"மேய விடும்போது யோசிச்சிருக்கணும்!"

"கங்கா லான் புல்லுல வாயே வைக்காது சார். அது ஊசி மாதிரி குத்தும். மழைக்குத் தானா மொளைக்குமே, நாலு விரலை விரிச்சாப்ல கதிர் விடும், அந்தப் புல்லுன்னாதான் இதுக்கு உசுரு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறியா? அந்த மூலையப் பாரு!"

மதிலோரம் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் புல் பச்சையாக இருந்தது.

"அது நான் இன்னும் புடுங்காத களை. அதை மட்டும் தொடல! களை எது, நல்ல புல் எதுன்னு உன் மாட்டுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு!"

வசமாக மடக்கிவிட்டோம் என்று ஓஸ்வால்டுக்குத் திருப்திதான். ஆத்திரம்தான் அடங்கவில்லை.

சாட்சிக்கு அவர் வரச்சொல்லியிருந்த நர்சரிக்காரர் கோவிந்தராஜன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"வாங்க கோவிந்தராஜன், உங்க புல்லுக்கு வந்த கதியைப் பாருங்க!"

கோவிந்தராஜன் மொட்டைத் தரையில் மிஞ்சியிருந்த தூர் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துத் தூக்கி எறிந்தார். பிறகு மூலைக்குப் போய்க் குனிந்து தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"மாடு தின்னது பூரா க்ராப் கிராஸ் சார், வெறும் களை. நான் போட்ட கொரியன் புல்லு இந்த மூலைல மட்டுந்தான் மிச்சம். மீதியை யாரோ வேரோட புடுங்கிப் போட்டிருக்காங்க. எந்தப் படுபாவி சார் இந்த வேலை பண்ணது?"

ஓஸ்வால்ட் களைக்கொத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கயிற்றை யசோதாவிடம் நீட்டினார்.

"மொதல்ல நீ மாட்ட ஓட்டிட்டுப் போம்மா."