மெல்போர்னில் மார்கழி

“டீச்சர், இருக்கறது ஒரே சூரியன். அது எப்படிங்க இங்க பனியும் அங்க வெயிலுமா இருக்கும்?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட விடாமல் என்னைப் பிடித்துக்கொண்டார் கோதண்டராமன். என் வீட்டு ஓனர். ரமணாசிரமத்துக்குப் பின்தெருவில் வீடு. மாடியில் நான் வாடகைக்கு, கீழே ரூம்களில் வெளிநாட்டுக்காரர்கள். ஸ்கூலில் நான் நடத்துவது ஜாக்ரபி என்பதால், மழை வராவிட்டால்கூட என்னைத்தான் கேள்வி கேட்பார்.

“எங்கங்க வெயில்?”

“மெல்போர்ன்ல. கீழ் ரூமுக்கு நேத்து வந்தாங்களே எலன் அம்மா, அவங்க அந்த ஊராம். இப்ப அங்க நாப்பது டிகிரியாம். தாங்காமத்தான் இங்க ஓடி வந்தேங்கறாங்க.”

“ஆமா. அங்க இப்ப வெயில்காலம்.”

“மார்கழியிலயா? நல்லா இருக்கே கதை. எத்தனையோ வருஷமா ரூம் விடறேன். வெள்ளைக்காரங்க எல்லாம் அவங்க ஊரு குளிருக்குப் பயந்துதானே டிசம்பர்ல இங்க வர்றாங்க?”

“அவங்க ஜெர்மனி, பிரான்சுங்க. அதெல்லாம் பூமிக்கு மேல்பாதி. ஆஸ்திரேலியா கீழ்பாதி.”

“அப்ப கீழ்பாதிதான் சூரியனுக்குக் கிட்ட இருக்குதோ?”

“தூரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றதே ஜனவரியிலதான்.”

“கிட்டப் போனா குளிருதா? என்னாங்க கூத்து இது?”

விட மாட்டார் என்று தெரிந்துவிட்டது. பக்கெட்டைக் கீழே வைத்தேன்.

“கிரிவலம் போறீங்கன்னு வச்சுக்குங்க. மலைதான் சூரியன், நீங்க பூமி. தலையை மேற்கே செங்கம் பக்கமா சாய்ச்சுக்கிட்டு, சுத்தி முடிக்கிற வரைக்கும் அந்தச் சாய்வை மாத்தாம நடக்கறீங்க.”

நான் முடிப்பதற்குள் தண்ணித்தொட்டியை மலையாக்கிக்கொண்டு, தலையை மேற்கே சாய்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார் மனுஷன். கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி சந்திரகலா நிமிர்ந்து பார்த்தார்.

“கழுத்து சுளுக்கிக்கிச்சாங்க?”

“பூமி சுத்துதுடி. நீ வேலையைப் பாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நில்லுங்க. இப்ப மலைக்குக் கிழக்கே, கோயில் பக்கம் இருக்கீங்க. தலை எங்க சாயுது?”

“மலையைப் பாத்து.”

“தலைப்பக்கம்தான் நாம. வெயில் நமக்கு நேரா விழுது, பகலும் ஜாஸ்தி. அதான் நம்ம வெயில்காலம். அப்படியே மலைக்குப் பின்னால, அடி அண்ணாமலை பக்கம் போங்க.”

தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். “அட, தலை மலையை விட்டு விலகிடுச்சு. கால்தான் மலைப்பக்கம் இருக்கு.”

“கால்பக்கம் ஆஸ்திரேலியா. இப்ப நேர் வெயில் அவங்களுக்கு. நமக்குச் சாய்வா விழுது, பகலும் கம்மி. அதான் நமக்குப் பனி.”

சாய்த்த தலையோடு யோசித்தார். “அப்ப ஆடியில அங்க?”

“நடுங்கும்.”

“சித்திரையில?”

“வெயில் கொறஞ்சு குளிர் ஆரம்பிக்கும்.”

“ஐப்பசியில?”

“குளிர் போய் வெயில் ஏறும்.”

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் மகன் பிரகாஷ் மெல்போர்னுக்கு வேலைக்குப் போய் ஆறு மாதமாகிறது. ஞாயிறு தவறாமல் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். நெட் சரியில்லை என்று வீடியோவில் மட்டும் வர மாட்டான். போன வாரம் ஸ்பீக்கரில், ‘ஒரே குளிரும்மா, வெரலே வெறைச்சுப் போகுது’ என்று அவன் சொன்னதை நானும்தான் கேட்டேன்.

பாவிப் பயல், எங்கே இருந்து பேசுகிறான்?

ஒரு பொய் சொன்னதற்காகச் சொந்தத் தம்பி பரசுராமனையே வாசப்படி மிதிக்க விடாதவர் இவர். குறுக்கு விசாரணைக்கு நான்தான் பாயிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு துணியைக் காயப்போட்டிருக்கலாம்.

போன் அடித்தது. பிரகாஷ்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, நல்லா இருக்கீங்களா? இங்க ஒரே குளிரு...”

“இருடா. நம்ம ரூம்ல எலன்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. மெல்போர்ன்தானாம். அங்க இப்ப நல்ல வெயில்காலமாமே?”

சந்திரகலாவின் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று நான் கீழே எட்டிப் பார்த்தேன்.

“உன் ஆபீஸ்ல ஏ.சி.யை ஜாஸ்தியா வச்சிருப்பான்,” என்றார் கோதண்டராமன். “அதான் உனக்குக் குளிருது. இல்லடா?”

“ஆ... ஆமாப்பா. ஏ.சி.தான்.”

“அதானே பாத்தேன். நிஜக் குளிரு ஆடியிலதானாம், டீச்சர் சொன்னாங்க. கொஞ்ச நேரங்கழிச்சு அம்மாவுக்குப் போடு. எலன் அம்மாவும் பக்கத்துல இருப்பாங்க. வெயில் தாங்கலைன்னு சொல்லு. வேளாவேளைக்குச் சாப்பிடு.”

போனை வைத்தார். நான் பக்கெட்டைத் தாண்டி அவர் கிட்டப் போனேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“போன மாசம் ஒரு கல்யாணத்துக்குத் தாம்பரம் போனேன். சிக்னல்ல பைக்குல நின்னான், முதுகுல சாப்பாடு டெலிவரி பையோட. ஹெல்மெட் போட்டிருந்தா பெத்தவனுக்கு அடையாளம் தெரியாதா? ஏஜென்ட் ஏமாத்திட்டான் போல. அவன் பாத்துடப் போறான்னு நான் ஆட்டோவுல குனிஞ்சுக்கிட்டேன்.”

“நீங்களா? ஏங்க, கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா, வெக்கத்துல போன் பண்றதையே விட்டுடுவான் டீச்சர். பொய் சொல்றதுக்காகவாவது என் புள்ள வாராவாரம் என்கிட்ட பேசறானே.”