ரெண்டு பவுண்டு

சீட்டில் 'ஐம்பத்து நான்கு பவுண்டு' என்று எழுதி, டென்னிஸ் மட்டையின் கைப்பிடியில் ஒட்டினேன். நரம்பை இழுத்துக் கட்டிய இறுக்கம் ஐம்பத்திரண்டுதான்.

நாலு வருஷமாக இதே பொய். ஐம்பத்து நான்கில் கட்டச் சொல்வது அந்த மட்டையால் ஆடும் அவள். ரெண்டு குறைக்கச் சொல்வது அவளுடைய அப்பா. அவளிடம் மூச்சு விடக் கூடாது என்பது அவர் உத்தரவு.

அன்று மட்டும் அந்தப் பொய் பயமாக இருந்தது. மத்தியானம் இறுதி ஆட்டம். ஜெயித்தால் உலகத் தரவரிசையில் அவள்தான் முதல். போதாததற்கு, போன வாரம் வந்து சேர்ந்த புது கோச் ஒரு கருவி வாங்கி வைத்திருந்தார். தீப்பெட்டி அளவுதான். நரம்பில் மாட்டினால் எத்தனை பவுண்டு என்று காட்டிக் கொடுத்துவிடும்.

அது முழுக்க விளையாட்டுக் குடும்பம். அப்பா நாட்டுக்காக டென்னிஸ் ஆடியவர். அம்மா தடை ஓட்டக்காரி. அண்ணன் அவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டிருப்பான். பத்தொன்பது வயதில் முழங்கை போய்விட்டது. அவன் அறுபது கேட்பான். நானும் வாயை மூடிக்கொண்டு அறுபதில் கட்டிக் கொடுத்தேன். அவ்வளவு இறுக்கினால் ஒவ்வொரு அடியும் கையில்தான் இறங்கும். ரெண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட இன்னொருவர் வேண்டும்.

அதனால்தான், "இவ எவ்வளவு கேட்டாலும் ரெண்டு குறைச்சே கட்டுங்க" என்று அப்பா வந்து நின்றபோது மறுக்க முடியவில்லை. அப்போது அவள் ஐம்பத்திரண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே ஐம்பத்து நான்குக்கு ஏறினாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் போன வழியிலேயே போகிறாள் என்றார்.

இறுதி ஆட்டத்தன்று காலை, நான் மட்டை கட்டும் ஜன்னலில்லாத அறைக்குள் அவர் தலையை நீட்டினார்.

"ஆச்சா?"

"ஆச்சு சார்."

"ரெண்டு?"

"குறைச்சாச்சு."

கோச்சின் கருவியைப் பற்றிச் சொன்னேன். இன்றைக்கு மட்டும் சரியாகவே கட்டிவிடட்டுமா என்றும் கேட்டேன். அப்பா ஆட்டத்தில் தலையிட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவதாகக் கோச் வந்த அன்றே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

அப்பா தலையை ஆட்டி மறுத்தார்.

"அனுப்பினா அனுப்பட்டும். அவ கை நல்லா இருக்கட்டும்."

அவர் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கோச் வந்தார். வரிசையாக வைத்திருந்த ஆறு மட்டையில் முதலாவதை எடுத்துக் கருவியை மாட்டினார். ஐம்பத்திரண்டு. அடுத்ததும் ஐம்பத்திரண்டு. ஆறையும் பார்த்து முடித்தார்.

"கட்டி வச்சா நரம்பு கொஞ்சம் தளரும் சார்" என்றேன்.

"ஆறும் பேசி வச்ச மாதிரி ஒரே அளவு தளருமா?"

ஒரு சீட்டைக் கிழித்து மேஜையில் போட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்தார்.

முப்பது வருஷம் பார்த்த வேலை, ஏமாற்றுக்காரன் என்ற பெயரோடு முடியப் போகிறது. அதுகூடப் பரவாயில்லை. கையில் இருக்கும் மட்டையை நம்பாமல் அவள் எப்படி ஆடுவாள்? தோற்றுவிட்டு வந்து அப்பா முகத்தில் எப்படி விழிப்பாள்?

ஈரத் தலையோடு வந்தாள். கோச் மட்டையை அவள் முன்னால் நீட்டினார்.

"அம்பத்திநாலு கேட்டா அம்பத்திரெண்டு கட்டியிருக்கார். யார் சொல்லி இப்படிச் செஞ்சார்னு நீயே கேளு."

அவள் கேட்கவில்லை. நரம்பை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள். ஆறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மட்டை சரியாத்தான் இருக்கு சார். உங்க கருவிதான் ரெண்டு குறைச்சுக் காட்டுது" என்றாள்.

ஆடப் போகிறவள் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? கருவியை முறைத்துப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

கதவு சாத்தியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னை மன்னிச்சிடும்மா. உங்கப்பா..."

"தெரியும் நரம்பு மாமா."

நான் நிமிர்ந்தேன்.

"நீங்க முதல் தடவை குறைச்ச அன்னிக்கே நரம்பு தளர்ந்து பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போச்சு. எனக்கு வேண்டியது எப்பவுமே அம்பத்திரெண்டுதான். நீங்க ரெண்டு குறைப்பீங்கன்னுதான் அம்பத்திநாலு கேக்கறேன்."

"ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"அண்ணன் கை போனதுக்கப்புறம், என் மேட்ச் முடியற வரைக்கும் அப்பா வெளியே காருக்குள்ளயேதான் உக்காந்திருப்பாரு. நீங்க குறைச்ச அன்னிக்குத்தான் தைரியமா முதல் தடவையா உள்ளே வந்து பார்த்தாரு."

மேஜையில் கிடந்த கிழிந்த சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுக்குப் பதிலா வேற சீட்டுல அம்பத்திநாலுன்னு எழுதி ஒட்டிடுங்க மாமா. அப்பா பார்ப்பாரு."