பதினேழு குறைகள்

"யாரோ ஒருத்தர் இலவசமாக் குடுக்கிற புது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ங்க. நல்லாத்தான் ஓடுது. ஆனா எங்க ஆபீஸ் சரிபார்ப்புப் பட்டியல்ல பதினேழு குறை! வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா கழிச்சுக் கட்டணும்," என்றாள், சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் மனைவி.

"ஐயோ பாவம்! என்னென்ன குறையாம்?" என்றார் கணவர்.

விளக்கக் குறிப்பு இல்லை, பிழையைச் சொன்னால் பதில் இல்லை என்று வியாழன் வரை நான்கு நாளும் சாப்பிடும்போது புலம்பித் தீர்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அதிசயமாக, அவரும் காது கொடுத்துக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் திறந்து பார்த்தால், எல்லாமே சரியாகியிருந்தது. புது விளக்கக் குறிப்பின் அடியில் நன்றி வேறு:

"சாப்பாட்டு மேசையில் குறைகளை ஒன்றுவிடாமல் சொன்ன என் மனைவிக்கு. இந்த சாஃப்ட்வேரை எழுதியது நான்தான் என்று முன்பே சொல்லியிருந்தால், இன்னும் நிறையக் கண்டுபிடித்திருப்பாள்."