வாய் தவறி வந்த ஜெபம்

லாஸ்பேட்டை ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவில் மாலை வெயில் மஞ்சளாய் வழிகிறது. உள்ளே லூயிஸ் மாரடைப்பில் கண் திறக்காமல் கிடக்கிறார். வெளியே பெஞ்சில் அவர் மனைவி செலின் ஜெபமாலை உருட்டுகிறாள். நவம்பர் முழுக்க, இறந்துபோன மாமியாருக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, மாலையில் பத்து மணிகளை உருட்டி முடித்ததும் தானாகவே ஓடுகிறது: “நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே...” மகள் பெனிஷா பதறி அவள் கையைப் பிடித்து உலுக்குகிறாள். “அம்மா! அது செத்தவங்களுக்குச் சொல்றதும்மா! அப்பா இருக்காரும்மா!” உள்ளே ஏதோ கருவி விடாமல் கூவ, நர்சுகள் ஓடும் சத்தம். செலின் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு கெஞ்சுகிறாள்: “ஏசப்பா, அத காதுல போட்டுக்காத. வாய் தவறிப்போச்சி. அவருக்கு இளைப்பாற்றி வேணாம். என்கூட இருந்தே களைச்சிப் போவட்டும்.”